அப்பாவின் ரிப்போர்ட்டில் ஒயிட்னர் பூசினேன்

2022 ஆகஸ்ட் 23. மதுரையில் ஒரு ஆஸ்பத்திரியின் இரண்டாவது மாடி வராந்தா. அப்பா உள்ளே சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டிருந்தார். டாக்டர் என்னை மட்டும் வெளியே கூப்பிட்டு, எண்டோஸ்கோப்பியில் எடுத்த சதையில் புற்றுநோய் உறுதியாகிவிட்டது, இரைப்பையிலிருந்து ஈரலுக்கும் பரவியிருக்கிறது என்றார். அவர் அடுத்த வாக்கியத்தைத் தொடங்குவதற்கு முன்பே என் வாயிலிருந்து வந்தது இதுதான்: “அப்பாகிட்ட சொல்ல வேண்டாம் டாக்டர்.” எத்தனை நாள் என்று கேட்கவில்லை, என்ன வைத்தியம் என்று கேட்கவில்லை. முதலில் கேட்டது அதைத்தான். அவரும் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார். அவருக்கு அது பழகிய வேண்டுகோளாக இருந்திருக்கும். அந்த ஒரு வரிக்கு அடுத்த நான்கு மாதம் நாங்கள் என்ன விலை கொடுத்தோம் என்பதைத்தான் எழுதப்போகிறேன். அன்றைக்கு என் பக்கத்தில் யாராவது நின்று “கொஞ்சம் பொறு” என்று சொல்லியிருக்கலாமே என்று இன்றைக்கும் நினைத்துக்கொள்கிறேன்.

அப்பாவுக்கு அப்போது 68 வயது. கோவில்பட்டி பக்கம் ஒரு ஊரில் முப்பது வருஷத்துக்கு மேல் மாவு மில் நடத்தியவர். நான் கல்யாணமாகி சாத்தூரில் இருக்கிறேன், அரை மணி நேர பஸ் தூரம். தம்பி மஸ்கட்டில். வீட்டுக்குத் திரும்பும் வழியில் பெரியப்பாவுக்கு மட்டும் போன் செய்து சொன்னேன். “அவன்கிட்ட மூச்சு விட்டுறாத. மனசு விட்டுட்டா அன்னைக்கே படுத்துருவான்” என்றார். நம் வீடுகளில் எல்லோரும் சொல்வது இதுதான், சொல்கிறவர்களும் பாசத்தில்தான் சொல்கிறார்கள். நானும் அப்படியே நம்பினேன். அப்பாவிடம் “வயித்துல புண்ணுப்பா, ஆறுறதுக்கு நாளாகும்” என்றேன். அவர் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, “சரி தாயி” என்றார். அந்தப் பார்வையை நான் அப்போது கவனிக்காமல் விட்டுவிட்டேன்.

பொய் ஒன்றோடு நிற்பதில்லை. ரிப்போர்ட் ஃபைல் வீட்டில் இருக்கும், அப்பா எடுத்துப் பார்ப்பார் என்று பயந்து, பயாப்சி ரிப்போர்ட்டில் நோயின் பெயர் இருந்த இடத்தில் ஒயிட்னர் பூசினேன். அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது, ஆனாலும் பயம். கீமோ ஊசியை “சத்து ஊசி” என்றேன். முடி கொட்டியபோது “மருந்துச் சூடுப்பா” என்றேன். ஆஸ்பத்திரியில் புற்றுநோய்ப் பிரிவு என்ற போர்டு முன்வாசலில் இருந்ததால், லேப் வழியாகச் சுற்றி உள்ளே கூட்டிப்போவேன். நடக்கவே முடியாத மனிதரை அவ்வளவு தூரம் நடக்கவைத்தேன். அவரும் ஒரு நாள்கூட “ஏன் இந்தப் பக்கமாப் போறோம்?” என்று கேட்டதில்லை. அவர் கேட்காததே எனக்கு நிம்மதியாக இருந்தது.

இதில் எனக்கு இன்னும் ஆறாதது அம்மா விஷயம்தான். அம்மாவிடமும் நான் சொல்லவில்லை. அம்மா அழுதால் அப்பாவுக்குத் தெரிந்துவிடும் என்று நினைத்தேன். அதனால் அம்மாவைப் பொறுத்தவரை அவர் வயிற்றுப்புண்காரர், அவ்வளவுதான். இரண்டு வாய் வைத்துவிட்டு தட்டைத் தள்ளினால் அம்மாவுக்குக் கோபம் வரும். “வேளைக்குச் சாப்பிடாமத்தான் புண்ணு வந்துச்சு, இன்னும் அதே வீம்பா?” என்று சத்தம் போடுவார். ஒரு நாள் ரசம் சாதத்தைக் குழையப் பிசைந்து எடுத்து வந்தார். அப்பா ஒரு உருண்டையை வாயில் வைத்து முழுங்க முடியாமல் அப்படியே வைத்திருந்தார். அம்மா பார்த்துக்கொண்டே நின்று, கடைசியில் தட்டை நங்கென்று கீழே வைத்துவிட்டு, “இனிமே உங்களுக்குப் பொங்க மாட்டேன்” என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டார். நான் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தேன். எனக்குத் தெரியும், அவரால் சாப்பிட முடியாது என்று. சொல்லவில்லை. நாற்பது வருஷம் சேர்ந்து வாழ்ந்த இரண்டு பேருடைய கடைசி மாதங்களில் மூன்று மாதத்தை அந்தச் சண்டை தின்றுவிட்டது. அதற்குக் காரணம் நான்.

பணக் கணக்கையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இதை யாரும் சொல்வதில்லை. எங்களிடம் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை இருந்தது. வருஷ வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பங்களுக்கான திட்டம், வருஷத்துக்கு 5 லட்சம் வரை கிடைக்கும். ஆனால் அந்த ஆஸ்பத்திரியின் காப்பீட்டு கவுன்டரில் நோயாளியை உட்காரவைத்துத்தான் எல்லாம் கேட்டார்கள். முன்னால் இருந்தவரிடம் நோயின் பெயரைச் சத்தமாகச் சொல்லி எழுதியதைக் கேட்டதும் அப்பாவை எழுப்பிக் கூட்டி வந்துவிட்டேன். முதல் இரண்டு சுற்று கீமோவுக்கு மருந்தும் படுக்கையும் சேர்த்துக் கையிலிருந்து 46,000 ரூபாய் கட்டினேன். அட்டை என் கைப்பையில் இருந்தது. அப்புறம், மூன்றாவது சுற்றோடு உடம்பு தாங்காது என்று டாக்டர் நிறுத்தியபோது, யாரோ சொன்னார்கள் என்று இரண்டு மாவட்டம் தாண்டி ஒருவரிடம் போனோம். வைத்தியர் என்று சொல்லிக்கொண்டார், எந்தப் பதிவும் கிடையாது என்பது பிறகுதான் தெரிந்தது. லேகியம், சூரணம், கார் வாடகை எல்லாமாக 64,000. அப்பா முகம் சுளிக்காமல் அந்தக் கசப்பை ஒரு மாதம் குடித்தார். அம்மா வேறு, மனிதர் தைக்குள் எழுந்துவிடுவார் என்று நம்பிப் பொங்கலுக்கு வெள்ளையடிக்க ஆள் பேசி 20,000 முன்பணம் கொடுத்துவிட்டார். வேண்டாம் என்று எந்த வாயால் சொல்வது?

இந்தச் செலவுக்கெல்லாம் ஐந்து பவுன் நகையை அடகு வைத்து 1,40,000 வாங்கியிருந்தேன், என் வீட்டுக்காரருக்குத் தெரியாமல். அவர் தடுத்திருக்க மாட்டார். ஆனால் கேட்டால் எதற்கு, எவ்வளவு, டாக்டர் என்ன சொன்னார் என்று எல்லாம் பேச வேண்டியிருக்கும். பேசினால் உடைந்துவிடுவேன் என்று எனக்கே பயம். நவம்பரில் அடகுச் சீட்டு அவர் கண்ணில் பட்டுவிட்டது. சீட்டை மேஜைமேல் வைத்துவிட்டு ரொம்ப நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “நகை போனாப் போகுது. மாமாவுக்கு இவ்வளவு பெரிய சீக்குன்னு எனக்கே தெரியாம, நான் போற வரப்பெல்லாம் அவர்கிட்ட சிரிச்சுப் பேசிட்டு வந்திருக்கேன். என்னை யாரோ மாதிரி ஆக்கிட்டியே” என்றார். அன்றைக்கு ராத்திரிதான் நான் முதல்முறையாக வாய்விட்டு அழுதேன். நகை திரும்பி வர பதினான்கு மாதம் ஆனது. நான் வேலை பார்க்கும் ஸ்கூல் ஆபீஸில் 41 நாள் சம்பளம் பிடித்தார்கள். தம்பியிடம் “சின்ன ஆபரேஷன், பொங்கலுக்கு வந்தாப் போதும்” என்று சொல்லி வைத்திருந்தேன். அவன் அதை நம்பி ஆயுத பூஜை சமயத்தில் கிடைத்த லீவை வேண்டாம் என்று விட்டுவிட்டான்.

நவம்பர் கடைசியில் அப்பாவுக்கு வலி அதிகமாகிவிட்டது என்று இப்போது எனக்குப் புரிகிறது. அப்போது தெரியவில்லை, ஏனென்றால் அவர் சொல்லவில்லை. “வலிக்குதாப்பா?” என்று கேட்டால் “லேசா” என்பார். ராத்திரி வேட்டியின் ஓரத்தைச் சுருட்டி வாயில் கவ்விக்கொண்டு படுத்திருப்பார். காலையில் அந்த ஓரம் ஈரமாக இருக்கும், எச்சில் என்று நினைத்துத் துவைத்துப் போட்டேன். வெறும் புண்ணுக்கு அவ்வளவு வலி வரக்கூடாது அல்லவா? நான் புண் என்று சொன்ன பிறகு அவர் எந்த வலியைச் சொல்ல முடியும்? என் பொய்யைக் காப்பாற்றுவதற்காக அவர் வலியை முழுங்கிக்கொண்டிருந்தார்.

இதை உடைத்தவர் ஒரு நர்ஸ். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் அம்மாவுக்கு பிபி மாத்திரை கொடுக்க மாதா மாதம் ஒரு தன்னார்வலர் அக்கா வீட்டுக்கு வருவார். தமிழ்நாடு அரசு 2021 ஆகஸ்டில் தொடங்கிய திட்டம் அது. சுகர், பிபி மாத்திரை மட்டும்தான் என்று நாங்கள் நினைத்திருந்தோம், முற்றிய நோயாளிகளுக்கு வீட்டிலேயே வலியையும் வேதனையையும் குறைக்கும் நோய் ஆதரவு சிகிச்சை கொடுப்பதும் அதில் உண்டு. அந்த அக்கா திண்ணையில் கிடந்த அப்பாவைப் பார்த்துவிட்டுப் போய்ச் சொல்லி, டிசம்பர் 8ஆம் தேதி நர்ஸ் வந்தார். வாசலிலேயே நான் மறித்து, “சிஸ்டர், அவருக்கு விஷயம் தெரியாது, பாத்துப் பேசுங்க” என்றேன். அவர் கோபப்படவும் இல்லை, சரி என்றும் சொல்லவில்லை. “நான் எதையும் சொல்ல மாட்டேம்மா. கேக்க மட்டும் செய்றேன்” என்றார்.

உள்ளே போய் நாற்காலியைக் கட்டிலுக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். நின்றுகொண்டே பேசவில்லை. அப்பா கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, பிடித்த கையை விடாமலே கேட்டார்: “ஐயா, உங்க உடம்புக்கு என்னன்னு நீங்க நினைக்கிறீங்க?” நான்கு மாதத்தில் ஒருவரும் அவரிடம் அப்படிக் கேட்டதில்லை. டாக்டர் கேட்டதில்லை, நான் கேட்டதில்லை. அப்பா என்னைப் பார்த்தார். நர்ஸும் என்னைப் பார்த்துவிட்டு, “மக இருக்கட்டுமா, கொஞ்சம் வெளியே இருக்கச் சொல்லவா?” என்றார். “இருக்கட்டும். அவளுக்குத்தான் முக்கியமாத் தெரியணும்” என்று சொல்லி, அப்பா எழுந்து உட்கார முயன்றார். “எனக்கு ஆவணியிலேயே தெரியும் தாயி. நீ மை பூசின இடம்தான் முதல்ல கண்ணுல பட்டுச்சு. நகத்தால சுரண்டினேன், உரிஞ்சு வந்துருச்சு.”

இங்கிலீஷ் தெரியாத மனிதர், சுரண்டி எடுத்த எழுத்துகளைத் தேதிக் காலண்டர் தாளின் பின்பக்கம் பார்த்துப் பார்த்து எழுதி, கோதுமை அரைக்க வந்த வாத்தியார் ஒருவரிடம் காட்டி அர்த்தம் கேட்டிருக்கிறார். அந்தத் தாள் என்னிடம் இருக்கிறது. 2022 செப்டம்பர் 9 என்று முன்பக்கம் தேதி. பின்பக்கம் பென்சிலால், கோலம் போடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக வரைந்திருக்கிறார். ஒரு எழுத்து திரும்பி நிற்கிறது. அன்றிலிருந்து மூன்று மாதம் அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும், இரண்டு பேரும் ஒருவருக்கொருவர் நடித்திருக்கிறோம். “ஏம்ப்பா கேக்கல?” என்றேன். “நீ ஓடி ஓடிப் பாக்குற. எனக்குத் தெரியும்னு தெரிஞ்சா உனக்குத் தெம்பு போயிரும்னு நினைச்சேன்” என்றார். லேகியத்தைப் பற்றிக் கேட்டேன். “அது மருந்தில்லன்னு முதல் வாய்லயே தெரியும். முப்பது வருசமா மாவு அரைச்சவனுக்குத் தெரியாதா, பாதி வெந்தயமும் சுக்கும்தான். நீ நம்பிக்கையா வாங்கிட்டு வந்தே, அதைக் கெடுக்க மனசில்ல.” அவரும் என்னைப் போலவே, பெரியப்பாவைப் போலவே, பாசத்தில்தான் மறைத்தார். 64,000 ரூபாயும் ஒரு மாதக் கசப்பும் அதில்தான் போயின.

அன்று சாயங்காலமே நர்ஸ் ஏற்பாட்டில் அரசு மருத்துவமனை டாக்டரைப் பார்த்து மார்ஃபின் மாத்திரை எழுதி வாங்கினோம். இதையும் சொல்ல வேண்டும்: மார்ஃபின் என்றதும் போதை, அடிமையாகிவிடுவார், அதைக் கொடுத்தால் முடிந்துவிடும் என்றெல்லாம் சொந்தக்காரர்கள் பயமுறுத்துவார்கள். புற்றுநோய் வலிக்கு டாக்டர் அளவு பார்த்துக் கொடுக்கும் வாய்வழி மார்ஃபின் உலகம் முழுக்க இருக்கும் சாதாரண வைத்தியம்தான். நேரம் தவறாமல் கொடுக்க வேண்டும், வலி வந்தபிறகு கொடுக்கலாம் என்று காத்திருக்கக்கூடாது. மலச்சிக்கல் வரும், அதற்கான மருந்தையும் சேர்த்தே கேட்டு வாங்குங்கள். மூன்றாவது நாள் அப்பா விடிய விடியத் தூங்கினார். காலையில் வேட்டி ஓரம் காய்ந்திருந்தது.

பிறகு இதைப் பற்றித் தேடித் தேடிப் படித்தேன். கெட்ட செய்தி சொல்வதற்கு டாக்டர்களுக்கே ஒரு முறை சொல்லித்தருகிறார்கள். 2000ஆம் வருஷம் அமெரிக்காவில் எம்.டி. ஆண்டர்சன் புற்றுநோய் மையத்தின் வால்டர் பைல் என்ற டாக்டரும் மற்றவர்களும் எழுதிய ஆறு படிகள். ஸ்பைக்ஸ் என்று பெயர். அதில் விஷயத்தைச் சொல்வது நான்காவது படிதான். அதற்கு முன்னால் தனியாக உட்கார இடம் பார்ப்பது ஒன்று, அவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்று கேட்பது ஒன்று, இன்னும் எவ்வளவு தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று கேட்பது ஒன்று. சொன்ன பிறகு அவருடைய அழுகைக்கும் கோபத்துக்கும் இடம் கொடுப்பது, கடைசியாக அடுத்து என்ன செய்யலாம் என்று பேசுவது. படித்தபோது அந்த நர்ஸ் நாற்காலி இழுத்துப் போட்டது ஞாபகம் வந்தது. நாம் எல்லோரும் “சொல்வதா, மறைப்பதா” என்ற கேள்வியிலேயே மாட்டிக்கொள்கிறோம். அதற்கு முந்தின கேள்வி அவரிடம் கேட்க வேண்டியது: “டாக்டர் சொல்றதை எல்லாம் உங்ககிட்டயே சொல்லச் சொல்லவா, இல்ல நான் கேட்டுக்கிட்டுத் தேவையானதை மட்டும் சொல்லவா?” பரிசோதனை முடிவு வருவதற்கு முன்பே இதைக் கேட்டுவிட்டால் இன்னும் சுலபம், அப்போது மறைக்க எதுவுமே இருக்காது.

சிலர் வேண்டாம் என்றும் சொல்வார்கள். என் மாமியாரின் அக்கா அப்படித்தான், “எனக்கு ஒன்னும் சொல்லாதீங்க, பெரியவன்கிட்ட சொல்லுங்க, மாத்திரையை மட்டும் குடுங்க” என்று தெளிவாகச் சொன்னார். அது அவருடைய உரிமை, அப்படியே நடந்தது, நல்லபடியாகவே நடந்தது. அவர் வாயால் சொன்னார் என்பதுதான் வித்தியாசம். அதே போல, உண்மை பேசுகிறேன் என்று பட்டென்று போட்டு உடைப்பதையும் பார்த்தேன். பார்க்க வந்த ஒரு சித்தப்பா கட்டில் ஓரத்தில் நின்று, “இந்த சீக்குக்கு மூணு மாசம்தான்ப்பா கணக்கு, எங்க ஊர்ல ஒருத்தன்...” என்று ஆரம்பித்தார். சொன்னது பெரிய பொய் இல்லை. ஆனால் கேட்காத கேள்விக்குப் பதில், எழுந்து போக முடியாத ஒருவரிடம். அப்பா அன்று முழுக்க சுவர்ப் பக்கம் திரும்பியே படுத்திருந்தார். கேட்டதற்கு மட்டும், கேட்ட அளவுக்கு மட்டும் சொன்னால் போதும். ஒரே நாளில் எல்லாவற்றையும் கொட்டத் தேவையில்லை.

எனக்குக் கைகொடுத்த சில வார்த்தைகளைச் சொல்கிறேன், அப்படியே எடுத்துக்கொள்ளுங்கள். வராந்தாவில் டாக்டர் தனியாகக் கூப்பிட்டால், “ஒரு நாள் குடுங்க டாக்டர், அடுத்த தடவை அவரோட வர்றேன், அவர் கேட்டா மறைக்காதீங்க” என்று சொல்லுங்கள். “ஒன்னுமில்ல, சரியாயிரும்” என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள். அது அவர் பேச வருவதை மூடிவிடுகிறது. அப்பா ஒரு நாள், “பொங்கல் வரைக்கும் இருப்பேனா?” என்று கேட்டார். பழைய நானாக இருந்தால், “என்னப்பா பேச்சு இது” என்று அடக்கியிருப்பேன். நர்ஸ் சொல்லிக்கொடுத்த மாதிரி, “உங்களுக்கு என்னப்பா தோணுது?” என்று கேட்டேன். “இருப்பேன்னு தோணுது. ஆனா பொங்கல் சாப்பிட முடியாது” என்றார். “எனக்கும் பயமா இருக்குப்பா” என்றேன். அவ்வளவுதான். அதற்கு மேல் ஒன்றும் பேசவில்லை, கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். பதில் தெரியாதபோது தெரியவில்லை என்று சொல்லலாம். பயமாக இருந்தால் பயமாக இருக்கிறது என்று சொல்லலாம். அழுதால் அவர் உடைந்துவிடுவார் என்று நினைத்தேன், ஆனால் நான் அழுதபோது அவர்தான் எனக்கு ஆறுதல் சொன்னார். ரொம்ப நாள் கழித்து அவருக்கு அப்பாவாக இருக்க ஒரு வேலை கிடைத்தது.

பார்த்துக்கொள்கிறவர்களுக்கும் யாராவது வேண்டும். நான் நான்கு மாதம் ஒருவரிடமும் பேசாமல் இருந்தது பெரிய தப்பு. 14416 என்ற டெலி மானஸ் எண் இருக்கிறது, மத்திய அரசின் மனநல உதவி, இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலேயே பேசலாம். ஒரு நாள் ராத்திரி இரண்டு மணிக்குக் கூப்பிட்டேன். பேசிய பெண் எனக்குப் புத்திமதி எதுவும் சொல்லவில்லை, கேட்டுக்கொண்டிருந்தார். அதுவே போதுமாக இருந்தது.

டிசம்பர் 8க்கு அப்புறம் அப்பா ஆறு வாரம் இருந்தார். அந்த ஆறு வாரத்தில் நடந்த காரியங்கள் முந்தைய நான்கு மாதத்தில் நடந்திருக்கலாம். மில் கடன் எல்லாம் காலண்டர் தாள்களிலும் அவர் மண்டையிலும்தான் இருந்தது. ஒரு நோட்டு வாங்கி வரச் சொல்லி, தினமும் காலையில் கஞ்சிக்குப் பிறகு அரை மணி நேரம் சொல்லச் சொல்ல நான் எழுதினேன். வர வேண்டியது 23 பேரிடமிருந்து 1,14,000. கொடுக்க வேண்டியது மோட்டார் கடைக்கு 35,000. அதில் நான்கு பெயருக்கு நேரே கோடு போடச் சொன்னார், “அதுகளால முடியாது, கேக்காதே” என்று. பாங்க் புத்தகத்தைப் பார்த்தால் நாமினியாக இருந்தது அப்பத்தாவின் பெயர். அப்பத்தா போய்ப் பதினொரு வருஷம் ஆகிறது. பாங்கில் கேட்டால் ஒரு படிவம், ஒரு கையெழுத்து, வேலை முடிந்தது. அந்தக் கையெழுத்து இல்லாமல் அவர் போயிருந்தால் அம்மா எத்தனை ஆபீஸ் ஏறியிருப்பார் என்று நினைத்தாலே பயமாக இருக்கிறது. உங்கள் வீட்டுப் பாங்க் புத்தகங்களை இந்த வாரமே ஒரு தடவை எடுத்துப் பாருங்கள், நோய் வரும்வரை காத்திருக்காமல்.

தம்பியிடம் உண்மையைச் சொன்னதும் பத்து நாள் லீவில் ஓடி வந்தான். எங்கள் மூவரையும் உட்காரவைத்து அப்பா ஒரே ஒரு விஷயம் சொன்னார்: “மூச்சு முட்டுச்சுன்னா ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டு ஓடாதீங்க. குழாய் கிழாய் வேண்டாம். இந்தக் கட்டில்லயே இருந்துட்டுப் போறேன்.” இதை எழுத்திலேயே வைக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. 2018இல் உச்ச நீதிமன்றம் அனுமதித்தது, 2023 ஜனவரியில் முறையை எளிமையாக்கியது, இரண்டு சாட்சி வைத்து நோட்டரி அல்லது கெஜட்டட் அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டால் போதும். எங்களிடம் எழுத்து இல்லை, ஆனால் மூன்று பேருக்கும் ஒரே நேரத்தில் சொல்லியிருந்தார். கடைசி ராத்திரி பெரியப்பா ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லிச் சத்தம் போட்டபோது, அம்மாதான் வாசலை மறித்து நின்று, “அவுக வேண்டாம்னு சொல்லிருக்காக மச்சான்” என்றார். தை பிறந்து ஒரு வாரம்கூட ஆகவில்லை. அந்தக் கட்டிலில்தான் போனார்.

அம்மா என்னிடம் நான்கைந்து மாதம் சரியாகப் பேசவில்லை. ஒரு நாள் அடுப்படியில் என் பக்கம் திரும்பாமலே, “ரசத்தைத் தட்டோட வச்சுட்டுப் போனேனே, அன்னைக்காவது சொல்லிருக்கலாமே தாயி” என்றார். நான் காரணம் எதுவும் சொல்லவில்லை. மறைத்தவர்கள் மாட்டிக்கொண்டபிறகு “உன் நல்லதுக்குத்தான்” என்று ஆரம்பித்தால் புண் இன்னும் ஆழமாகப் போகும் என்பதை என் வீட்டுக்காரரிடம் கற்றிருந்தேன். “தப்புதான்மா. உன்கிட்டதான் முதல்ல சொல்லிருக்கணும்” என்றேன். அம்மா கொஞ்ச நேரம் கழித்து, “அவுகளும் என்கிட்ட சொல்லல” என்றார். அப்போதுதான் எனக்கு உறைத்தது, அவர் பேசாமல் இருந்தது என்மேல் உள்ள கோபத்தால் மட்டும் இல்லை என்று. பிறகு அவரே, கடைசி ஆறு வாரத்தில் ராத்திரி விளக்கை அணைத்தபிறகு இரண்டு பேரும் என்னவெல்லாம் பேசினார்கள் என்று கொஞ்சம் சொன்னார். அதை இங்கே எழுத மாட்டேன், அது அவர்களுடையது.

போன மாதம் அம்மாவுக்கு மார்பில் ஒரு கட்டி மாதிரி இருக்கிறது என்று மேமோகிராம் எடுக்கப் போனோம். ரிசல்ட் வரவில்லை, பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். கேட்டுவிட்டேன்: “அம்மா, என்ன வந்தாலும் உன்கிட்ட சொல்லச் சொல்லவா, இல்ல நான் கேட்டுக்கிடவா?” அம்மா என்னை நிமிர்ந்து பார்த்தார். “என் உடம்பு, எனக்கு முதல்ல. அப்புறம் உனக்கு. உன் தம்பிக்கு அன்னைக்கு ராத்திரியே போன் போட்டுச் சொல்லிரணும். உங்க பெரியப்பாவுக்கு மட்டும் நாலு நாள் கழிச்சுச் சொல்லு” என்றார். நர்ஸ் வந்து அம்மா பெயரைக் கூப்பிட்டதும், அம்மா ஃபைலை என் கையிலிருந்து வாங்கித் தன் கையில் வைத்துக்கொண்டு எழுந்தார். சாதாரண நீர்க்கட்டிதான். டாக்டர் அதை அம்மாவிடம்தான் சொன்னார், அம்மாதான் என்னிடம் சொன்னார்.